தங்குவதற்கு விடை

ஹல் நகரில் நாங்கள் ஆறு பேர் குடியிருந்த வீட்டில்
சமையலறை மேஜைக்கு ஒரு கால் குட்டை.
முட்டுக் கொடுத்திருந்தது ஒரு பழைய ஆங்கில அகராதி.
சொல் தேவைப்பட்டால்
நான் மேஜையைத் தூக்கிப் பிடிப்பேன்,
செம்ஹார் குனிந்து உருவுவாள்.
யாருடைய சூப்பாவது சிந்தும்.

அப்படித்தான் ஒரு நாள் லீவ் என்ற வினையைப் பார்த்தோம்.
ஊரை விட்டு வந்தால் லெஃப்ட்.
ஊருக்குக் கிளம்பினாலும் லெஃப்ட்,
நடுவில் ஒரு ஃபார் மட்டும் வேண்டும்.
பஸ்ஸில் குடையை மறந்து இறங்கினால் லெஃப்ட்.
பானையின் அடியில் மிஞ்சியதும் லெஃப்ட்,
இடக்கையும் லெஃப்ட்.
"ஒரு சொல்லை வைத்து இத்தனை வேலை வாங்குகிறார்களே,
இவர்களுக்கு என்ன பஞ்சம்?" என்றாள்.

பிறகு அகராதியை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.
நான் மேஜையைப் பிடித்தபடி நின்றேன்.

அந்த ஃபார் அவளுக்குப்
பதினான்கு மாதம் செலவு வைத்திருந்தது.

லீட்ஸில், ஜன்னல் இல்லாத அறையில் விசாரணை.
மொழிபெயர்ப்பாளரின் தொலைபேசி இணைப்பு அறுந்து அறுந்து வந்தது.
"எனக்கு இங்கிலீஷ் தெரியும்" என்றிருக்கிறாள்,
கொஞ்சம் பெருமையாகவே.
மார்ச்சில் கசாலாவுக்குக் கிளம்பினேன் என்று சொன்னாள்.
மார்ச்சில் கசாலாவை விட்டுக் கிளம்பினேன்
என்று பதிவானது.

என் மொழியில் கு வேறு, ஐ வேறு.
இரண்டும் ஊர்ப் பெயரின் உடம்போடு ஒட்டிப் பிறந்தவை,
பிய்த்தால் ரத்தம் வரும்.
ஆங்கிலத்திலோ அது தனியே நிற்கும் சின்னப் பையன்,
கூட்டத்தில் கையை விட்டால் தொலைந்துபோவான்.

நிராகரிப்புக் கடிதம், பத்தி இருபத்து மூன்று:
ஏப்ரலில் கசாலா வந்து சேர்ந்ததாகச் சொல்லும் தாங்கள்
மார்ச்சிலேயே அங்கிருந்து வெளியேறியிருக்க இயலாது.
"அவர் சொல்வது சரிதானே" என்றாள் செம்ஹார்.
மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் நடுவே,
எல்லைக்கு இந்தப் பக்கம்,
ஒரு சோளக் கிடங்கில் பத்தொன்பது இரவுகள்.
அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
அதில் இலக்கணப் பிழை இல்லை.

பிராட்ஃபோர்டில் மேல்முறையீடு.
ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள்.
சரியாக அந்த இடத்தில் ஓர் இருமல்.
அதிகாரியுடையதா, அவளுடையதா, தெரியவில்லை.
இரண்டாம் முறையும் இருமல்தான்.
மூன்றாம் முறை நீதிபதி
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்,
கண்ணாடிதான் சத்தத்தை மறைக்கிறது என்பதைப்போல.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது.
தங்களுக்கு லீவ் வழங்கப்படுகிறது
என்பது வரைக்கும் படித்திருக்கிறாள்.
நான் கீழே இறங்கி வந்தபோது
கம்பளி மடிந்திருந்தது, கோப்பை கழுவிக் கவிழ்ந்திருந்தது,
பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
மூட்டை கட்டும் வித்தை ஒன்றில்தான்
அவளை யாரும் திருத்த வேண்டியதில்லை.

மீதி வரியை நான் வாசித்தேன்: டு ரிமெயின்.
மேஜையைத் தூக்கினோம்.
வினைக்கு ரொம்பக் கீழே, பெயர்ச்சொல்லாக, பொடி எழுத்தில்:
அனுமதி.

எங்களிடமும் அப்படி ஒன்று உண்டு, விடை.
விடை கொடுத்தால் எழுந்து போகலாம்.
இங்கே விடை கொடுத்தால் உட்காரலாமாம்.
சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
நான்கு நாள் பெட்டி நடையிலேயே கிடந்தது,
எல்லோரும் தாண்டித் தாண்டிப் போனோம்.

இப்போது ரயில் நிலையத்துப் பக்கம்
ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை.
நேற்று அங்கிருந்த குளிர்பெட்டியில் ஒரு டப்பா,
மேலே மஞ்சள் சீட்டு, ஜனீனின் கோணல் கையெழுத்து:
லெஃப்ட் ஃபார் செம்ஹார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.
"அகராதிப்படி படித்தால்," என்றாள்,
"யாரோ என்னை நோக்கிக் கிளம்பியிருக்கிறார்கள்."

உள்ளே பன்றி இறைச்சி அடைத்த ரொட்டி.
அவள் தொடமாட்டாள், நான்தான் தின்றேன்.
சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மாடியேறினாள்,
நடுச் சொல்லின் மேல்
கட்டைவிரலை அழுத்திப் பிடித்தபடி.