பயன்படாத கோப்புகள்

மூன்றரை நிமிடப் பாட்டு.
முப்பத்தெட்டு ஜிகாபைட்.
எள் விழ இடமில்லை என்று
திரையோரத்தில் ஒரு சிவப்புக் கோடு
மூன்று நாளாக மன்றாடுகிறது.

கொன்செப்சியோனிலிருந்து ஹசிந்தா எழுதுகிறாள்:
"மிக்ஸிங்குக்கு வெள்ளிக்கிழமை ஒதுக்கியிருக்கிறேன்.
பாட்டை அனுப்பு,
வீட்டைப் பெயர்த்து அனுப்பாதே."

வால்பரைசோவில் இந்தக் குன்றின் மேல்
இணையம் ஏறி வருவதற்குள்
அதற்கே மூச்சு வாங்குகிறது.
இரவு பதினொன்று.
கோப்புறையைத் திறக்கிறேன்.

கடைசி.
கடைசி 2.
சத்தியமாகக் கடைசி.
இதைத் தொடாதே.
இதைத் தொடாதே நகல்.

பெயர் வைத்தவன் நான்தான்.
தேதியும் தாளவேகமும் போட்டிருந்தால்
இன்றைக்கு இந்த நம்பிக்கைகளையெல்லாம்
ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

டிரம்ஸுக்கென்று இறக்கிய ஒலித்துணுக்குகள்
இருநூற்றுப் பன்னிரண்டு.
பாட்டில் விழுவது நான்கு அடி.
மிச்சம் இருநூற்றெட்டும்
கல்யாண வீட்டுக்கு வந்து
சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற தூரத்துச் சொந்தங்கள்.
எழுப்பி, செருப்பைத் தேடிக் கொடுத்து
அனுப்பிவைத்தேன்.

எட்டு தடம் சிந்தசைசரை
ஒரே ஒலியாகச் சுண்டக் காய்ச்சினேன்.
இனி அதில் எதையும் திருகிப் பார்க்க முடியாது.
அதுவே ஒரு நிம்மதி.

பிறகு ரெமிகியோ.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
ஷிப்ட் முடிந்து
கையில் கிரீஸ் வாசனையோடு வந்து
இருபத்துமூன்று டேக் பாடினான்.
ஆறாவதில் இருமல்.
ஒன்பதாவதில் கப்பலின் ஊதல்,
பல்லவியின் உச்சியில்.
கப்பல் சுருதியில்தான் இருந்தது;
இவன்தான் அரைச்சுரம் கீழே.

பதினேழை வைத்துக்கொண்டேன்.
பதினெட்டு என்று ஒன்று,
நாற்பத்தோரு நிமிடம்.
பாட்டில்லை. மைக்கை அணைக்க மறந்திருக்கிறேன்.
நான் ரொட்டி வாங்கப் போகிறேன்,
கதவு, படிக்கட்டு, நாய்.
பிறகு அவன் யாரிடமோ போனில்:

"இல்லை, அவன் தரவில்லை. நான்தான் தருகிறேன்.
மணிக்கு ஏழாயிரம் பெசோ.
தெரியும்.
தெரியும், பற்களுக்கு வைத்திருந்தது.
ஒரே ஒரு பாட்டு, எலியானா."

அதன் பின் நீண்ட நேரம் ஒன்றுமில்லை.
நாற்காலி கிரீச்சிடுகிறது.
ஒருவன் தன் நாக்கால்
வலிக்கிற கடைவாயைத் தொட்டுப் பார்ப்பதை
இவ்வளவு நல்ல மைக் இல்லாவிட்டால்
கேட்டிருக்க முடியாது.

மென்பொருள் கேட்டது:
பயன்படாத கோப்புகள் அறுபத்திமூன்று.
நிரந்தரமாக நீக்கவா?

மேசையில் கிடந்த நோட்டை இழுத்து
ரெமிகியோ, பதினாறு மணி நேரம், பாக்கி
என்ற வரியை முதலில் அடித்தேன்,
தாள் கிழிகிற வரைக்கும்.
அவன் ஏற்கெனவே கொடுத்ததை
என்ன சொல்லித் திருப்புவது என்று
இன்னும் யோசிக்கவில்லை.
பிறகு ஆம் என்று அழுத்தினேன்.

அறுநூற்றுப் பத்து மெகாபைட்.
ஒரே கோப்புறை. உள்ளே மூன்று:
ஒலி, குறிப்பு, பழையது.
பழையதில் ஒன்றுமில்லை.
விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.
நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது
ஹசிந்தாவின் பதில்:

"அழகு. சுத்தம். ஒன்றே ஒன்று.
பேஸ் எங்கே?"

பேஸ்
கோப்புறைக்குள் வந்ததே இல்லை.
எட்டு மாதமாக
சிவப்புப் பென்டிரைவிலிருந்து நேராக ஒலித்துக்கொண்டிருந்தது.
பென்டிரைவ் ரெமிகியோவின் சாவிக்கொத்தில்.
சாவிக்கொத்து அவன் இடுப்பில்.
அவன் ஆறாம் நம்பர் கிரேனில்,
தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்.
வாசற்காவலனிடம் என்ன சொல்வது?
கீழிருந்து கத்தினால் கேட்குமா?
சட்டைப்பையில்
நேற்றிரவு எண்ணி வைத்த நோட்டுகள்.
கப்பல் ஊதுகிறது,
இப்போதும் சுருதி பிசகாமல்.