ஆணியில் ஒரு தொப்பி

தமாக் கடைவீதியில் என் ஸ்டூடியோ.
சுவரில் பெயின்ட் இமயமலை. அதன் அடிவாரத்தில் ஓர் ஆணி.
ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு டாக்கா தொப்பி.
கோட்டுக்கு வாடகை உண்டு.
தொப்பிக்கு வாங்குவதில்லை;
அது இல்லாத முகத்தை அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள்.

ஒரே அரசன், ஒரே உடை, ஒரே பாஷை என்று
எதிர்ப் பள்ளிக்கூடம் கூவும்போது
இங்கே வரிசை நிற்கும்.
தேயிலை பறிக்கும் சந்தாலுக்குக் காதுவரை இறங்கியது.
லிம்பு ஹவில்தாரின் உச்சியில் தொற்றிக்கொண்டு நின்றது.
மைதிலி வாத்தியார் உள்ளே கைக்குட்டை மடித்துப் போட்டுக்கொண்டார்,
அடுத்தவன் எண்ணெய் தீட்டாம்.
தாடையைத் தூக்கு, கண் சிமிட்டாதே:
தேசத்தின் சார்பில் நான் சொன்னது அவ்வளவுதான்.

இருட்டறையில் மட்டும்,
தாள் நனைந்து முகம் ஊறி வரும்வரை,
நொடிகளை நேவாரியில் எண்ணுவேன்.
சி, நசி, ஸ்வ.
வெளியே கேட்காதபடி.

கஜிமான் திமால் வந்தது ஒரு மழைநாளில்.
மதம் என்ற கட்டத்தைக் குமாஸ்தா
அவனைக் கேட்காமலே நிரப்பிவிட்டான்.
"நாங்கள் கும்பிடுவது ஆற்றை.
கன்காயிக்கு என்ன மதம் என்றேன்.
கையெழுத்துப் போடு என்றான்."
தொப்பியைத் தானே எடுத்துச் சற்றுச் சாய்த்து வைத்தான்.
படத்தில் சிரிக்கவில்லை,
சிரிக்கப்போகிறவன்போல இருக்கிறான்.

அரசர் போனார்.
இது இனி இந்து ராஜ்ஜியம் இல்லையென்று ரேடியோ சொன்ன வாரம்
குப்பையில் போடத்தான் தொப்பியை எடுத்தேன்.
உள்பட்டையைத் திருப்பினேன்.
முப்பது வருஷத்து வேர்வை, கடுகெண்ணெய்,
ஒரு நீள முடி, காய்ந்த ஈறு.
எது யாருடையதென்று
எந்தக் கணக்கெடுப்புக்கும் பிரிக்க வராது.
மறுபடி ஆணியிலேயே மாட்டினேன்.

நேற்று கஜிமான் வந்தான். நரைத்த தலை, வெறுந்தலை.
எங்கள் மதத்தை எங்கள் பெயரில் எழுது என்று
போன வருஷம் பதாகை பிடித்து நடந்தவன்.
இப்போது நிலத்தை மகள் பேருக்கு மாற்ற வேண்டும்.
புது அதிகாரி பழைய படத்தையும் இவனையும் மாறிமாறிப் பார்த்து
"இது நீ இல்லையே" என்றாராம்.

"நான் அன்றைக்கே சொன்னதுதான்" என்றான்.
பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மழை பார்த்தான்.
பிறகு, என் பக்கம் திரும்பாமல்:
"அந்தத் தொப்பி இருக்கிறதா?"

எடுத்துக் கொடுத்தேன்.
விளக்கைப் போட்டேன்.
வாய்விட்டே எண்ணினேன்,
சி, நசி,

கதவு திறந்து கிடந்தது.