தற்காலிக அடைப்பு

காத்தமுத்து அண்ணே, வாயைத் திறந்தபடியே கேளுங்கள்.
பதில் வேண்டாம். இடது கையைத் தூக்கினால் போதும்,
டாக்டர் சியூ நிறுத்திவிடுவார்.
முதலில் தெரிய வேண்டியது அதுதான்:
நிறுத்தச் சொல்லலாம்.

பாடாங் செராய் கடைத்தெருவில்
அடகுக்கடைக்கு மேலே பதினெட்டுப் படி.
நாலு ராத்திரி தூங்காமல் ஏறி வந்தீர்கள்.
கன்னத்தில் துண்டு, துண்டில் கிராம்பு,
சட்டையெல்லாம் செம்பனைக் குலையின் கறை.
"பிடுங்கிப் போடச் சொல்லு தங்கச்சி."
அடுத்த மூச்சிலேயே,
"மேல்பல் ஆச்சே, கண்ணு போயிடுமே?"

கண் போகாது.
பிடுங்கினாலும் போகாது, வேரைச் சுத்தம் செய்தாலும் போகாது.
போவது வெள்ளி. அதை மறைக்க மாட்டேன்.
பிடுங்குவதைவிடப் பல மடங்கு;
கடைசியில் பல்லுக்கொரு தொப்பி, அதற்குத் தனிக் காசு.
தவணை உண்டு.
கேட்கக் கூச்சப்பட்டவர்கள்தான்
பாதிப் பல்லோடு படி இறங்கிப் போனவர்கள்.

ஊசி, கட்டெறும்பு அளவு.
பிறகு சாயங்காலம் வரை அந்தக் கன்னம் உங்களுடையதில்லை,
சூடாகக் கோப்பி வேண்டாம்.
பல்லைச் சுற்றிப் பச்சை ரப்பர் தாள்.
அந்த வாசம் உங்களுக்குப் புதிதா என்ன?
தாளில் ஓர் ஓட்டை, அதில் ஒரே ஒரு பல்,
வெள்ளத்தில் தனித்து நிற்கும் கல் மாதிரி.

இந்தப் பல்லுக்கு வேர் மூன்று.
குழாய் நாலாகவும் இருக்கும்; நாலாவது ஒளிந்துகொள்ளும்.
அதனால்தான் இத்தனை படம், இத்தனை நேரம்.
டாக்டர் பேசாமலிருப்பது கோபத்தில் இல்லை,
தேடுகிறார்.

முள்ளூசி முனையில் சுற்றிக்கொண்டு வந்தது,
வெந்த சேமியாவில் ஒரு துண்டு, இளஞ்சிவப்பாக.
பஞ்சில் வைத்துக் காட்டினேன்.
புருவம் மட்டும் கேட்டது.
வாய் கிடைத்ததும் கேட்டீர்கள்:
"இதுவா? இதுவா என்னை
ராத்திரி பூரா லயத்தைச் சுத்த வெச்சது?"
வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றீர்கள்.
கூடாது. மஞ்சள் பை.

இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும், பயமில்லை.
வீங்கினால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே வாருங்கள்.
இப்போது வைத்திருப்பது தற்காலிக அடைப்பு,
கதவில்லை, சாக்குப் படுதா.
அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம்.
இரண்டு வாரத்தில், புதன்கிழமை.

இன்றைக்கு ஆறு வாரம்.

செவ்வாய்க்கிழமை பசார் மாலாமில், அவித்த சோளத்தோடு நீங்கள்.
என்னைக் கண்டதும்
கதிர் ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாறியது.
பார்த்துவிட்டேன் அண்ணே.
"வலிக்கவே இல்ல தங்கச்சி. சுத்தமா இல்ல."

அதுதான்.
வலியைச் சொல்ல அந்தப் பல்லுக்குள் இனி ஆளில்லை.
அடைப்புக் கரைந்தாலும் சொல்லாது,
விரிசல் விட்டாலும் சொல்லாது,
ஒருநாள் முறுக்கில் இரண்டாகப் பிளக்கும்போது
சத்தம்தான் கேட்கும்.

உங்கள் அட்டை மேல் இழுப்பறையில் இருக்கிறது.
நாளைக்கு இடமும் இருக்கிறது, பத்தரைக்கு.

ஜெனரேட்டர் இரைச்சலில் எதையோ கணக்குப் போட்டீர்கள்,
விரல்விட்டு.
"வியாழக்கிழமைதான் சம்பளம்" என்றீர்கள்,
சோளத்தை முடிக்காமல்.