ஜெய்சால்மருக்குப் போகாத வண்டி

பணம் கட்டியது பதினோரு பேர்.
நாற்பது சேர்ந்தால்தான் சலுகை என்றார் ஏஜெண்டு.
தலைக்குப் பதினாலாயிரத்து ஐநூறு,
ஒட்டகச் சவாரி தனி.
பிப்ரவரி கடைசியில் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்து
நோட்டை மூடினேன்.
மார்ச் முதல் சனிக்கிழமை
சிதறாலுக்கு ஒரு வேன்.
மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில்
எங்கள் பாலைவனம்.

பெனிஷா மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.
ராஜஸ்தானுக்கென்று வாங்கிய தொப்பி,
கறுப்புக் கண்ணாடி, மூக்கில் வெள்ளைப் பூச்சு.
கொல்லாம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்
நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்,
"என்ன மக்களே, ஷூட்டிங்கா?"

மலைக்குப் பழைய பேர் திருச்சாரணத்துமலை.
சாரணர் என்றால் ஓரிடத்தில் தங்காமல் அலைகிறவர்,
என்றார் ராஜகலா மிஸ்.
எட்டாம் வகுப்பில் சாரணனாக இருந்த மெர்ஜின்
மூன்று விரல் உயர்த்தி சல்யூட் வைத்தான்.
பாறையில் வரிசையாக இருந்தவர்கள்
பதிலுக்கு வைக்கவில்லை.
கை மடியில் இருந்தது. உடுப்பில்லை.
சிரிக்கலாமா என்று முதலில் தெரியவில்லை,
பிறகு சிரித்தோம்,
பிறகு அது தானாக நின்றுபோனது.

ஒரு கல்வெட்டில் குரத்தி ஒருத்தி
பொன் கொடுத்த செய்தி இருக்கிறது.
குரத்தி என்றால் ஆசிரியை என்று சொல்லும்போது
மிஸ் கொஞ்சம் நேராக நின்றார்.
"அப்போ சம்பளமெல்லாம் உண்டா மிஸ்?"
சுபிதா கேட்டாள்.
மிஸ்ஸுக்கு நான்கு மாதமாக வரவில்லை என்பது
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாறைக்குளத்துப் பக்கம் டவர் கிடைத்தது.
அப்பாவுக்குப் படம் அனுப்பினேன்.

அப்பா அல்-உலாவில் பஸ் ஓட்டுகிறார்.
பாறையைக் குடைந்து செய்த பழங்காலக் கல்லறைகளுக்கு
எந்தெந்தத் தேசத்துப் பிள்ளைகளையோ
ஏற்றி இறக்குகிற வேலை. ஆறு வருஷம்.
எனக்குத் தெரிந்த பாலைவனம்
அவருடைய முன்கண்ணாடி அளவு,
ஓரத்தில் வைப்பர் இழுத்த கோடு.
உள்ளே ஒருநாளும் போனதில்லை.
டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாதாம்,
பிள்ளைகள் திரும்பும்போது
ஏசி குளிர்ந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை இரண்டு மார்க் கேள்வி வந்தது.
பாலைக்கு நிலம் எது?
தனி நிலம் இல்லை, மழை பொய்த்தால்
காடும் மலையுமே பாலை, என்று எழுதினேன்.
உரிப்பொருள் கேட்டிருந்தார்கள். பிரிவு.
இரண்டுக்கு இரண்டு.

அப்பா கேட்டார்: டிக்கெட் எவ்வளவு?
சும்மாதான் அப்பா.
அப்போ நல்லாப் பாத்துட்டு எறங்கு.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது:
நான் அங்க ஏறினதில்ல பாத்துக்க.
அந்த ரோட்டுல ஒம்பது வருசம்
மினிபஸ் ஓட்டியிருக்கேன்.

இறங்கி வந்தபோது
ஸ்டியரிங்கில் காலைப் போட்டு
உறங்கிக்கொண்டிருந்தார் கனகப்பன் அண்ணன்.
மாதம் நாலு டிரிப்பு இங்கே வருமாம்.
"மேல போயிருக்கியளா?"
"முட்டு வேதனை. இங்கயே கிடப்பேன்."
சாவியைத் திருகப் போனவர் நிறுத்தினார்.
"மேல என்னதான் பிள்ள இருக்கு?"

நூற்றாண்டு, மன்னன், வட்டெழுத்து,
தேர்வுக்கு எழுதத் தெரியும்.
"தண்ணி கிடக்கு அண்ணா," என்றேன்.
"உச்சிப் பாறையில. இந்த வெயில்லயும்."

செருப்பைத் தேடி மாட்டினார்.
பெனிஷாவின் தொப்பியைக் கேட்டு வாங்கினார்.
மெர்ஜின் தோளைப் பிடித்துக்கொண்டு
படிக்கல் படிக்கல்லாக,
மிஸ் கடிகாரம் பார்ப்பதை யாரும் பார்க்காமல்.

வண்டியை விட்டு ஆள் நகரக் கூடாதில்லையா,
டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தேன்.
கண்ணாடி வழியாக மலை பாதி தெரிந்தது,
ஓரத்தில்
வைப்பர் இழுத்த கோடு.