சங்காயம்

இரண்டாம் இயலில் இன்னும் ஒரே வரிதான்:
‘அறிபுனைத் திரைப்படம் எனப்படுவது’
மூன்று வாரமாக அங்கேயே
கர்சர் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

பாம்பன் தெற்குவாடியில் விடியுமுன் விசைப்படகு வந்தது.
படுதாவில் கொட்டியதைச் சுற்றிக் குந்தினார்கள்.
சலேத்தின் கைக்குக் கண் தேவையில்லை.
நண்டு இந்தக் கூடை, கணவாய் அந்தக் கூடை,
காரல் தனி, இறால் நேரே ஐஸுக்கு.

நானும் அறுபத்திரண்டு படங்களை
மடிக்கணினியில் கொட்டிவைத்திருக்கிறேன்.
விண்கலம் பறந்தால் இந்தக் கூடை.
இயந்திரம் அழுதால் அந்தக் கூடை.
காலத்தைப் பின்னுக்குத் திருகி
செத்த மனைவியோடு ஒரு தேநீர் குடிக்கப் போகிறவனை
எதில் போட?
காதல் படம்டி அது, என்கிறாள் அறைத்தோழி.
ஆய்வகத்துக் குடுவையிலிருந்து பேய் வந்தால்?
திருநீறு பட்டு ரோபோ அடங்கினால்?
நெறியாளர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்:
‘வகைமையின் எல்லையைத் தெளிவாக வரையவும்.’

எல்லை.
சலேத்தின் புருஷன் படகில் ஒரு பெட்டி உண்டு.
தண்ணீரில் எவரும் கண்டிராத கோட்டுக்கு
அரை மைல் முன்பே கத்தத் தொடங்கும்.
மீனுக்கு அது கேட்காது.
அவன் தம்பியின் படகு
இரண்டு வருஷமாக அக்கரையில் மட்குகிறது.
இதை அடிக்குறிப்பாக எழுதினேன்.
பிறகு அழித்தேன்.

கரண்ட் போன இரவில்,
பாட்டரி பதினெட்டு விழுக்காடு இருக்கையில்,
அவளுக்கு ஒரு படம் போட்டேன்.
தூரத்துக் கோளில் ஒருத்தி தனியே நடக்கிறாள்,
வெள்ளை உடுப்பு, கண்ணாடிக் குல்லா.
நான் ஒளியமைப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
“ஒண்ணுக்கு வந்தா அதுக்குள்ள என்ன செய்வா?”
படத்தில் சொல்லலை என்றேன்.
“அப்ப எடுத்தவன் ஆம்பள.”
ஏலக்கூடத்துக் கழிப்பறை
மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது.
விடியலிலிருந்து உச்சிவரை
தண்ணி குடிக்காமல் குந்தியிருப்பவள் அவள்.
அதற்குள் திரை அணைந்துவிட்டது.
அந்தப் பெண் தப்பித்தாளா என்று அவள் கேட்கவேயில்லை.

கூடைகள் ஏலத்துக்குப் போனபின்
படுதா நடுவில் மிஞ்சிக் கிடந்தது சங்காயம்:
பொடிமீன், உடைந்த சிப்பி, பேர் வைக்காதவை,
காயப்போட்டு, கோழித்தீவனத்துக்கு, கிலோ கணக்கில்.
அதிலிருந்து எதையோ எடுத்துச்
செல்போன் வெளிச்சத்தில் பிடித்தாள் சலேத்து.
கண்ணாடி போல உடம்பு, உள்ளே நீலமாக ஒரு கோடு.
“இது புதுசு,” என்றாள்.
எந்தக் கூடையிலும் போடவில்லை,
குவியலிலும் திருப்பிப் போடவில்லை.
முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
வேலையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து புதுக் கோப்புறை ஒன்று திறந்தேன்.
பேர்: சங்காயம்.
அறுபத்திரண்டில் நாற்பத்தொன்று அதற்குள் போய்விட்டன.
நெறியாளருக்கு இன்னும் அனுப்பவில்லை.