பன்னிரண்டில் நான்கு

நொய்யல் பாலம் ஏறினால்
பஸ்ஸே மூக்கைப் பொத்தும்.
நான் மட்டும் வாய் திறந்து
கொட்டாவி விட்டபடி வருவேன்.
"சாயப்பட்டறைக்காரன் மூக்கு, செத்த மூக்கு"
என்பான் நாச்சிமுத்து.
முப்பது வருஷ ஹைட்ரோஸ், அசிட்டிக் ஆசிட்.
இருக்கும் என்று நினைத்தேன்.
நினைக்கக்கூட இல்லை,
நிம்மதியாக இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை
அடுப்புக்குப் பக்கத்தில் நின்றே
பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன்.
வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருகிறாள் வசந்தாமணி:
"ஏனுங்க, பால் தீஞ்சு தெருவே நாறுது,
உங்களுக்குத் தெரியலீங்களா?"
குனிந்து பார்த்தேன்.
பார்த்த பிறகுதான்
சட்டி கறுத்திருந்தது.

அதற்கு முந்தியே
கனவில் நாயைத் துரத்தி
அவள் விலாவில் உதைத்திருக்கிறேன்.
கெரகம் என்று
நடுவில் ஒரு தலையணை போட்டாள்.
லாட் நோட்டில் என் எழுத்து
வரி தொடங்கும்போது துவரை,
முடியும்போது எள்ளு.
மூன்றையும் ஒரே முடிச்சில் போட்டவர்
கோயமுத்தூர் டாக்டர் மீனலோசனி.

பேனா மாதிரிப் பன்னிரண்டு குச்சி.
மூடி திறந்து மூக்கடியில் நீட்டினார்.
ரோஜாவா, மீனா, தோலா, ஆரஞ்சா?
தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்ப்பதுபோல்
வசந்தாமணி முகத்தைப் பார்த்தேன்.
ஏழாவது குச்சிக்கு அவள்
வெடுக்கென்று திரும்பிக்கொண்டாள்.
மீன் என்றேன்.
சரியாம்.

பன்னிரண்டில் நான்கு.
கண்ணை மூடிக் குத்தினாலே மூன்று வரும்.
மிச்சம் ஒன்று அவளுடையது.

"கை நடுங்க வருஷக்கணக்காகலாம்,
நடுங்காமலே போகலாம்.
சில பேருக்கு வாசம்தான் முதல்ல போகும்"
என்றார் டாக்டர்.
நடுங்கத் தொடங்கினால்
தணிக்க மாத்திரை உண்டு.
தொடங்காமல் நிறுத்த
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.
ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேரலாம்:
பாதிப் பேருக்கு மருந்து,
பாதிப் பேருக்கு வெறும் மாவு.
யாருக்கு எதுவென்று
கொடுக்கிற கைக்கும் தெரியாது.

"இது ஏமாத்தறது இல்லீங்களா?"
வசந்தாமணிக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது.
எனக்குப் புரிந்தது.
எங்கள் லேப் மேசையில்
சாயம் ஏறாத துணித்துண்டு ஒன்று
எப்போதும் கிடக்கும்.
அதைப் பக்கத்தில் வைக்காமல்
எந்தச் சிவப்பையும் சிவப்பென்று
பையர் நம்ப மாட்டான்.
அந்த வெள்ளைத் துண்டாகக் கிடக்கவும்
ஆள் வேண்டுமே.

கையெழுத்துப் போட்டேன்.
துவரையில் தொடங்கி
எள்ளில் முடிந்தது.

வேர்க்க வேர்க்க நடக்கவும் சொன்னார்கள்.
விடிகாலையில் பாலம் வரைக்கும் இரண்டு பேரும்.
அவள் சேலைத் தலைப்பை மூக்கில் வைப்பாள்.
நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
ஊரே வேண்டாம் என்று ஒதுக்கியதை
இழுத்து இழுத்துப் பார்ப்பேன்.

இன்றைக்கு ஏதோ வந்தது.
மெலிசாக, முட்டை அழுகினாற்போல.
"வருது வருது" என்று அவள் தோளைத் தட்டினேன்.

தலைப்பை எப்போதோ இறக்கியிருந்தாள்.
"மேக்க மழைங்க,
ஆறு கழுவிவிட்டாப்ல ஓடுது.
நாத்தமே இல்லீங்களே இன்னிக்கு."