நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஜூலைக் குளிர்.
மருத்துவமனையின் பழைய கோப்பறையில்
நானூறு தாள் எண்ணுகிறேன்.
மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன்,
நோயாளியை வெளியே தள்ளும் முன்:
மூன்று கட்டம், பத்தொன்பது பெட்டி.
எல்லாவற்றிலும் டிக் இருந்தால் ஒன்று.
ஒரு பெட்டி விட்டுப்போனாலும் சைபர்.

முதல் கட்டு பார்க்க அழகு.
ஒரே நீல மை, ஒரே சாய்வு,
வரிசை கலையாத கொக்குக் கூட்டம்.
நூற்றேழாம் தாளில்
பஞ்சு எண்ணிக்கை சரி என்று
காலை 7.40க்குக் குறி.
வயிற்றைத் திறந்ததோ 8.25.
திறக்காத வயிற்றில் பஞ்சு எண்ணியவருக்கு
ஒன்று போட்டேன்.
நேரம் பார்க்கச் சொல்லி விதியில் இல்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு அசிங்கம்.
ஓரத்தில் காப்பி வட்டம், மூலை கிழிசல்.
பஞ்சுப் பெட்டியில் டிக் இல்லை,
அதன் மேலேயே கோணல் எழுத்து:
"ஒன்று குறைகிறது. தைக்க விடவில்லை.
கரண்ட் போனது. ஜெனரேட்டர் வரும்வரை டார்ச்சில் தேடினோம்.
22 நிமிடம்.
டாக்டர் படையாச்சியின் பூட்ஸ் அடியில் ஒட்டியிருந்தது.
அவருக்குக் கோபம்.
இப்போது இருபது."
கீழே கையெழுத்து, நோகுலுங்கா ஸோண்டி.

பெட்டி காலி. விதிப்படி சைபர்.
போட்டேன்.
போட்டுவிட்டு
பேனாவை மூடுவதும் திறப்பதுமாய்
கொஞ்ச நேரம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
திரை முழுக்கப் பச்சை வட்டம்.
கண்காணிப்பாளர் மூட்லி முதலில் கைதட்டினார்,
பிறகு எல்லோரும், பிறகு சமோசா.
"மீதி எட்டுப் பேர் யாரு தேவகி?
மறுபயிற்சிக்கு அனுப்பணும்."
பட்டியல் கையிலேயே இருந்தது.
ஆங்கில அகரவரிசை, அதனால் ஸோண்டி கடைசி.
பூட்ஸைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
எதிரே படையாச்சி
சட்னியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.
நானும் ஒரு சமோசா எடுத்துக்கொண்டேன்.

மாலை முன்பதிவுப் பெண்ணின் போன்.
என் பித்தப்பைக் கல், மூன்று மாதமாய்த்
தள்ளிப்போட்டு வருவது.
"செவ்வாயா, வியாழனா ஆன்ட்டி?
ரெண்டு நாளும் டாக்டர் படையாச்சிதான்."

"நர்ஸ் ஸோண்டி என்றைக்கு?"

தாள் புரளும் சத்தம்.
"வியாழன் அவங்களுக்கு ஏதோ பயிற்சியாம்."

செவ்வாய் போடு என்றேன்.